கடையிலிருந்து கடைக்கு

"இங்கனயே இரு தாயி, அப்பா கடைக்குப் போயிட்டு வந்திருதேன்" என்று அப்பா என்னிடம் சொல்லுவார். சொல்லும்போது அவர் நின்றுகொண்டிருப்பது எங்கள் கடைக்குள். நான் உட்கார்ந்திருப்பது எங்கள் கடையின் கல்லாவுக்குப் பக்கத்து முக்காலியில். கடையில் இருக்கிற ஒருவர் கடைக்கு எப்படிப் போக முடியும்? மூன்றாம் வகுப்பு முடித்துக் கோடை விடுமுறையில் இருந்த எனக்கு அந்த வருடம் பெருங்குழப்பம் இதுதான். கேட்டால் அப்பா கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போய்விடுவார். நானும் எத்தனை நாள்தான் கன்னத்தைக் கொடுத்துக்கொண்டிருப்பது என்று பிறகு கேட்பதை விட்டுவிட்டேன்.

எங்கள் கடை தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருந்தது. விசைப்படகுகளுக்கு வேண்டிய நைலான் கயிறு, வலை, மிதவை, ஈயக்குண்டு, தார்ப்பாய், படகுக்கு அடிக்கிற பெயிண்ட், அதில் கலக்கிற தின்னர் எல்லாம் விற்கிற கடை. தாத்தா தொடங்கியது. அவர் போனபிறகு பாகம் பிரித்ததில் பக்கத்து ஊரான புதுக்கோட்டையில் இருந்த பலசரக்குக் கடை பெரியப்பாவுக்கும் இந்தக் கயிற்றுக்கடை அப்பாவுக்கும் வந்தது.

வியாபாரக் குடும்பம் என்பதால் எங்கள் வீட்டில் வாயைத் திறப்பதற்கே ஒரு பயிற்சி வேண்டும். கடையை மூடு என்று சொல்லக் கூடாது, எடுத்து வை என்றுதான் சொல்ல வேண்டும். விளக்கை அணைக்கக் கூடாது, அமர்த்த வேண்டும். கேட்ட சாமான் கடையில் இல்லையென்றால் இல்லை என்ற சொல் மட்டும் வாயிலிருந்து வரவே கூடாது. 'வரணும்' என்று சொல்ல வேண்டும். ஒருமுறை நான் ஒரு மீனவரிடம், "அந்தக் கயிறு இல்ல மாமா" என்று சொல்லிவிட்டேன். அம்மா அன்று சாயங்காலம் என்னை உட்காரவைத்து நூறு தடவை 'வரணும்' சொல்லவைத்தாள். கெட்ட வார்த்தை பேசிய பிள்ளைக்குக்கூட இவ்வளவு தண்டனை கிடையாது.

இப்படிப்பட்ட வீட்டில் அப்பா செய்ததற்குப் பெயர் சொல்ல யாருக்கு வாய் வரும்? ஊரெல்லாம் வைத்திருந்த பெயர் வசதியாக இருந்தது. கடை. கடைக்குப் போயிருக்கார், கடையில் இருக்கார், கடையிலிருந்து இப்போதுதான் வந்தார். நல்ல சொல். லட்சுமிகரமான சொல். யார் காதில் விழுந்தாலும் கௌரவம் குறையாது. அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டாள். அவள் குடி என்ற சொல்லை எங்கள் வீட்டுக்குள் விட்டதே இல்லை. அப்பாவின் சிநேகிதர்கள் இன்னொரு சொல்லும் வைத்திருந்தார்கள். சரக்கு. அதுவும் எங்கள் சொல்தான். கடைக்கு வந்து, "அண்ணாச்சி, சரக்கு இருக்கா?" என்று கேட்பார்கள். "பின்னால, தார்ப்பாய்க்கு அடியில" என்பார் அப்பா. வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன். காசு வாங்காமல் கொடுக்கிறாரே என்பது மட்டும் கொஞ்சம் உறுத்தும். சிநேகிதர்களிடம் காசு கேட்க முடியுமா என்று நானே சமாதானமும் சொல்லிக்கொள்வேன்.

குழப்பத்தைத் தீர்த்துவைத்தவள் பக்கத்து வீட்டுப் பிள்ளை. என்னைவிட ஒரு வகுப்பு மேலே படித்ததால் உலகத்தில் உள்ளதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"ஏ மக்கு, உங்க அப்பா போறது கயித்துக்கடைக்கு இல்ல. பைபாஸ் பக்கத்துல கம்பி போட்டு ஒரு கடை இருக்குல்லா, அங்க. எங்க மாமாவும் அங்கதான் போவாவ."

அந்தக் கடையை நான் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். முன்பக்கம் முழுக்க இரும்புக் கம்பி. கம்பிக்கு நடுவில் கை நுழைகிற ஓட்டை. கூட்டமென்றால் கூட்டம், எங்கள் கடையில் சீசனில்கூட அப்படி ஆட்கள் நின்றதில்லை. நகைக்கடையைப்போலக் கம்பி போட்டுப் பாதுகாக்கிறார்கள் என்றால் உள்ளே இருக்கும் சரக்கு எப்பேர்ப்பட்டதாக இருக்க வேண்டும்! பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னதிலிருந்து நான் கண்டுகொண்ட உண்மை என்னவென்றால், எங்கள் அப்பாவுக்கு இரண்டு கடை. சிறியதைக் காலையில் திறந்துவைத்துவிட்டுப் பெரியதைப் பார்க்கப் போகிறார். பெருமையில் எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த இரண்டு கடைக் கணக்கை வைத்துக்கொண்டு பார்த்தால் வீட்டில் நடந்த மற்றதெல்லாம் எனக்கு விளங்கியது. ஃபிரிட்ஜ் போனது. அம்மாவின் செயின் போனது. மோட்டார் சைக்கிள் போய் அப்பா பஸ்ஸில் போய்வந்தார். என் ஸ்கூல் வேன் நின்று நான் நடந்தேன். எங்களைப்போன்ற குடும்பங்களில் இதெல்லாம் புதிதில்லை. சீசனுக்கு முன்னால் பெண்களின் நகை அடகுக்குப் போகும், சீசன் முடிந்து திரும்பிவரும். கடையில் முதல் போடுவது என்பார்கள். எங்களுக்கு இரண்டு கடையல்லவா, இரண்டு மடங்கு முதல் போட வேண்டியிருக்கிறது. அப்பாவின் மேல் எப்போதும் ஒரு வாடை வீசும். அதை நான் தின்னர் வாடை என்று நம்பினேன். பெயிண்ட் விற்கிறவர் மேல் பன்னீரா மணக்கும்?

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அப்பா எங்களை அடித்ததில்லை. கடையிலிருந்து வந்தால் அதிகமாகச் சிரிப்பார், இல்லாவிட்டால் அழுவார். அழும்போது என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, "இனிமே போமாட்டேன் தாயி, உன்மேல ஆணை" என்பார். எனக்குப் பயமாக இருக்கும். கடைக்குப் போகாவிட்டால் நாங்கள் எப்படிச் சாப்பிடுவது? "போங்கப்பா, போங்க" என்று நான் தேறுதல் சொல்லுவேன். அம்மா எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள்.

அந்தக் கோடையில்தான் பெரியப்பா வந்தார். மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. அந்த நாட்களில் விசைப்படகெல்லாம் கரையில் ஏறிக் கிடக்கும். பெயிண்ட் அடிப்பார்கள், கிழிந்த வலையைப் பொத்துவார்கள், பழைய கயிற்றைக் கழித்துப் புதிது மாற்றுவார்கள். தடை முடிந்து கடலுக்குப் போவதற்கு முந்தைய சில நாட்களில்தான் எங்களைப்போன்ற கடைகளுக்கு வருடத்தின் விற்பனையே. அதற்குள் கடையில் சரக்கு நிறைந்திருக்க வேண்டும். நிறைக்க அப்பாவிடம் எதுவும் இல்லை. மொத்த வியாபாரிகள் அவருக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். இந்த சீசனைத் தவறவிட்டால் கடை கைவிட்டுப் போய்விடும் என்ற நிலை. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

பெரியப்பா டீகூடக் குடிக்காத மனிதர். சட்டைப் பையில் பேனா, கையில் மஞ்சள் பை. தம்பியைப்பற்றி அவர் காதில் ஏதோ விழுந்து, நேரில் பார்த்துவிட்டுப் போக ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிற நாள் என்பதால் படகுக்காரர்கள் வர மாட்டார்கள், கயிற்றுக்கடை திறப்பதில்லை. பூட்டிய கடையைப் பார்த்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தம்பி எங்க?"

"கடைக்குப் போயிருக்காவ அத்தான்" என்றாள் அம்மா.

"ஞாயித்துக்கெழமையுமா?"

அம்மா மோர் எடுக்க உள்ளே போனாள். பெரியப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். மஞ்சள் பையிலிருந்து ஒரு கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். சின்னப்பிள்ளை பொய் சொல்லாது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. நான் பொய் சொல்லவும் இல்லை.

"ஏளா, அப்பா ஒழுங்கா கடைக்குப் போறாவளா?"

"ஒருநாள் விடாமப் போறாவ பெரியப்பா. காய்ச்சல் அடிக்கையிலகூட போனாவ. லீவே கிடையாது."

"கடையில சரக்கு இருக்கா? ஒண்ணுமே இல்லன்னு ஒருத்தன் எங்கிட்டச் சொல்லுதான்."

"சரக்கு இல்லாம அப்பாவால ஒருநாள்கூட இருக்க முடியாது பெரியப்பா."

பெரியப்பா முகம் மலர்ந்துவிட்டது. பல வருடம் கழித்து நினைத்துப் பார்க்கிறபோது, அவர் மலரத் தயாராகவே வந்திருந்தார் என்று தோன்றுகிறது. தம்பி நன்றாக இருக்கிறான் என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும் என்றுதான் பஸ் ஏறியிருக்கிறார். சொன்னது நான். "பாத்தியா, நம்ம ரத்தம் எங்க போவும்" என்று என் தலையைத் தடவினார்.

அம்மா மோர்த் தம்ளரோடு அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் சொன்னது அத்தனையும் அவள் காதில் விழுந்திருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், பெரியப்பாவைப் பார்த்தாள், வாய் திறந்ததுபோல இருந்தது. பிறகு வந்து தம்ளரை நீட்டினாள். பெரியவர்கள் கேள்விக்குப் பிசிறில்லாமல் பதில் சொன்ன சந்தோஷத்தில் நான் மிட்டாயைப் பிரித்தேன்.

பெரியப்பா மஞ்சள் பையின் அடியிலிருந்து ஒரு காகிதக் கவரை எடுத்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்தார். "பெரியவ நர்சிங் காலேஜுக்குக் கட்ட வச்சிருந்தது. சீசன் முடிஞ்சதும் வந்துறணும். தம்பியக் கயிறு எடுக்கச் சொல்லு" என்றார். பெரியவள் என்றால் என் அக்கா, பெரியப்பாவின் மூத்த மகள். பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அந்தக் கவரை அப்பா கையில் அம்மா கொடுக்கவில்லை. எங்கே வைத்தாள் என்று எனக்கும் தெரியாது. மறுநாள் காலையில் அப்பா குளித்து, சவரம் செய்து, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். அவ்வளவு அழகான அப்பாவைப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. அம்மா பட்டுக்கரைச் சேலை கட்டியிருந்தாள். மொத்த வியாபாரியிடம் மூன்று பேரும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. எனக்குத் தீபாவளிக்கு எடுத்த கவுன். கவர் அம்மாவின் கைப்பையில் இருந்தது, பை அவள் கக்கத்தில் இருந்தது.

பஸ்ஸைவிட்டு இறங்கி பஜாருக்குள் நடக்கும்போது அப்பா ஒரு பேக்கரி முன்னால் நின்றார். எனக்கு மக்ரூன் வாங்கித் தந்தார். அம்மாவைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், "பொம்பளையக் கூட்டிட்டு வந்து கொள்முதல் பண்ணா இந்த பஜார்ல எவன் மதிப்பான்? எங்க அண்ணன் குடுத்த காசு, நான் எடுக்கக் கூடாதா? இங்கன உக்காருங்க. பத்து நிமிசம். கடைக்குப் போயிட்டு வந்திருதேன்" என்றார். அவர் கெஞ்சவில்லை. அதிகாரமும் இல்லை. முகத்தில் இருந்தது வெட்கம். வியாபாரிக்குப் பிறந்தவன், பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு கயிறு வாங்கப் போகிற வெட்கம். அது நிஜமான வெட்கம்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அம்மா கொஞ்சநேரம் அவர் சட்டையின் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பையைத் திறந்தாள்.

மக்ரூன் தீர்ந்தது. பேக்கரிக்காரர் எனக்கு இன்னொன்று சும்மா கொடுத்தார். அதுவும் தீர்ந்தது. மதியம் ஆனது. அம்மா ஒரு கேக் துண்டுகூட வாங்காமல் பேக்கரிப் பெஞ்சில் இப்படி உட்கார்ந்திருக்கிறாளே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. "போவமாம்மா?" என்று கேட்டேன். "அப்பா வரணும்" என்றாள். எப்போதும் மாதிரிதான் சொன்னாள். எங்களை எழுந்திருக்கச் சொல்ல பேக்கரிக்காரருக்கும் மனம் வரவில்லை. வெயில் இறங்கும்போது நாங்களே எழுந்து பஸ்ஸுக்கு நடந்தோம்.

அப்பா மூன்றாம் நாள் வந்தார். தோளில் இரண்டு கயிற்றுக் கட்டு. கையில் எனக்கு ஒரு புது ஸ்கூல் பை, ரோஸ் நிறம், சக்கரம் வைத்தது. கயிறு இருக்கிறது, ஆகவே கடைக்குத்தான் போயிருக்கிறார். ஆனால் இஸ்திரிச் சட்டை கந்தலாகியிருந்தது, ஒரு கால் செருப்பு இல்லை. அம்மா ஏன் கயிற்றைப் பார்த்து அழுகிறாள் என்பது எனக்குப் பிடிபடவில்லை. கயிறு வந்ததற்கு அழுகிறாளா, கொஞ்சமாக வந்ததற்கு அழுகிறாளா? நான் பையை உருட்டிக்கொண்டு தெருவில் இரண்டு சுற்று வந்தேன். சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன?

தடைக்காலம் முடியும் நாள் நெருங்கியது. அப்பா பகலெல்லாம் பெரிய கடையிலேயே இருந்தார். அதனால் எங்கள் கடையில் அம்மா வந்து உட்கார்ந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. படகுக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அண்ணாச்சி இல்லையா என்பார்கள். பிறகு கயிறு கேட்பார்கள், மிதவை கேட்பார்கள், ஈயக்குண்டு கேட்பார்கள். அந்த இரண்டு கட்டுக் கயிறும் முதல் நாள் காலையிலேயே விற்றுப்போயிருந்தது. மற்றதற்கெல்லாம் அம்மா, "வரணும் அண்ணாச்சி" என்றாள். நானும் என் முக்காலியிலிருந்து, "வரணும் மாமா" என்றேன். அம்மாவும் மகளுமாக நாள் முழுக்க வரணும், வரணும் என்று பாடிக்கொண்டிருந்தோம். பெரியதாழையிலிருந்து வந்த ஒருவர் மட்டும் நின்று, "இன்னும் ரெண்டு நாள்ல நான் கடலுக்குப் போணும் தாயி. கயிறு எப்ப வரும்? கடலுக்குள்ள கொண்டாந்து தருவியளா?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். அம்மாவின் முகத்தைப் பார்த்தபிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு எதிர்க் கடைக்குப் போனார். எதிர்க் கடையில் வாசல்வரைக்கும் ஆட்கள் நின்றார்கள்.

படகுகள் இறங்குவதற்கு முந்தைய நாள் காலையில் பெரியப்பா வந்தார். சீசன் வியாபாரத்தைக் கண்குளிரப் பார்க்க வந்தவர். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு முழம் பூ, சாமி படத்துக்குப் போட. வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே அலமாரித் தட்டுகளில் வெறும் பலகைதான் தெரிந்தது. கயிறு அடுக்குகிற இடத்தில் அம்மாவின் சாப்பாட்டுத் தூக்கு இருந்தது. அம்மா எழுந்து நின்றாள்.

பெரியப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். என்னைப் பார்த்து மெதுவாக, "ஏளா, சரக்கு இருக்குன்னு சொன்னியே" என்றார்.

எனக்கு ரோஷமாகிவிட்டது. நான் பொய் சொன்னதாகப் பெரியப்பா நினைக்கிறார்! "இருக்கே பெரியப்பா! வாங்க, காட்டுதேன்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடையின் பின்பக்கம் போனேன். தார்ப்பாயை முழுப் பலத்தோடு விலக்கினேன். அங்கே பாட்டில்கள் இருந்தன. காலியானது நிறைய, பாதி இருந்தது ஒன்று, மூடி திறக்காதது ஒன்று. பெயிண்டில் கலக்கிற தின்னரில் விலை கூடிய ரகம் என்றுதான் அதுவரைக்கும் அவற்றை நினைத்திருந்தேன். "அப்பா சரக்குன்னு சொல்றது இதைத்தான். எல்லாரும் வந்து கேப்பாவ" என்றேன்.

பெரியப்பா குத்தவைத்து உட்கார்ந்தார். ஒரு பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தார். கொண்டுவந்த பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு தார்ப்பாயை இழுத்து, ஓரம் மடங்காமல் சரியாக மூடினார். "நீ பொய் சொல்லல தாயி" என்று என்னிடம் சொன்னார். எனக்கு உயிர் வந்தது.

எழுந்து முன்பக்கம் வந்து அம்மாவிடம் கேட்டார். "அன்னைக்கு இந்தப் பிள்ள சொல்லும்போது நீ அடுக்களை வாசல்லதானே நின்ன?"

"ஆமா அத்தான்."

"எல்லாம் கேட்டுட்டுத்தானே நின்ன?"

"ஆமா அத்தான்."

பூவைக் கல்லாமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். பேசியது நான், விசாரணை அம்மாவுக்கு. எவ்வளவோ பேசிய என்னைப் பொய் சொல்லவில்லை என்கிறார், ஒரு வார்த்தையும் பேசாத அம்மாமேல் கோபப்படுகிறார். இது என்ன நியாயம் என்று எனக்குப் பெரியப்பாமேல் கோபம் வந்தது. அம்மா அந்தப் பூவை எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டாள்.

அக்கா அந்த வருடம் நர்சிங் சேரவில்லை. அடுத்த வருடமும் சேரவில்லை. மீன் பதப்படுத்துகிற கம்பெனியில் இறால் உரிக்கப் போனாள். ஐஸில் ஊறி ஊறி அவள் விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். அப்புறம் யார் யாரோ பேசி ஒரு கல்யாணம் ஆனது. எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. பெரியப்பா எங்கள் வீட்டுப் படி ஏறவேயில்லை. ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து நின்றார், பையில் கைவிட்டார், பிறகு ஒன்றும் எடுக்காமல் பஸ் ஏறிவிட்டார். எனக்கு அவர் மிகவும் பிடித்தமானவர். நான் என்ன செய்தேன் என்று தெரியாமல் அழுதேன்.

அம்மா ஏன் அன்றைக்கு வாய் திறக்கவில்லை என்று நான் இதுவரை கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால் கடை போகும், சொல்லாவிட்டால் ஒருவேளை பிழைக்கும் என்று நினைத்திருப்பாள். அல்லது மைத்துனர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்க மனம் வராமல் நின்றிருப்பாள். நானும் வேலைக்குப் போய், ஒரு குடும்பத்தின் வரவுசெலவைச் சுமக்கத் தொடங்கிய பிறகு எனக்கு அவள்மேல் கோபம் வந்திருக்கிறது, போயிருக்கிறது. அப்பா அதன் பிறகும் பல வருடம் கடைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். அவருடைய ஈரலைப் பார்த்த டாக்டர்தான் எங்களிடம் முதன்முதலாகக் குடி என்ற அந்தச் சொல்லை உரக்கச் சொன்னவர்.

கயிற்றுக்கடை ஆடிக்கு முன்பே எதிர்க் கடைக்காரர் கைக்குப் போனது. சாவியைக் கொடுத்துவிட்டு அம்மா சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். கையில் கடைச் சாமி படமும் விளக்கும் இருந்தன. அப்பா அன்று எங்கேயும் போகாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் அம்மாவிடம் என்னம்மா என்று கேட்டேன். நல்ல சொல்லைத் தவிர வேறு சொல் வராத அவள் வாயிலிருந்து அன்று இது வந்தது.

"கடை போச்சுளா."

எனக்குத் திக்கென்றது. உடனே ஒரு நப்பாசையும் வந்தது. எங்களுக்குத்தான் இரண்டு இருக்கிறதே. போனது எது? எனக்கு முக்காலி இருக்கிற சின்னக் கடை போயிருக்கக் கூடாது, கம்பி போட்ட அந்தக் கடை போயிருந்தால் பரவாயில்லை. அது போனால் அப்பா பகலெல்லாம் எங்களோடு இருப்பார்.

"எந்தக் கடைம்மா?" என்று கேட்டேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். சுவரோரம் இருந்த அப்பாவைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். விளக்கைத் தரையில் வைத்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. என்ன சிரிப்பு என்று தெரியாவிட்டாலும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா எழுந்து சட்டைகூடப் போடாமல் வெளியே போனார்.

அம்மாவைச் சிரிக்கவைக்கிற வித்தை ஒன்று கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. அதன் பிறகு அவள் முகம் வாடியிருக்கும்போதெல்லாம் பக்கத்தில் போய், அதே குரலில், "எந்தக் கடைம்மா?" என்று கேட்பேன். ஒருமுறைகூடத் தவறியதில்லை, சிரித்துவிடுவாள். சிரித்து முடித்துப் புறவாசல் குழாயடிக்குப் போய் முகம் கழுவுவாள். இப்படிச் சிரித்தால் முகம் கழுவ வேண்டும்போலிருக்கிறது என்று, நானும் பின்னாலேயே போய்க் கழுவிக்கொண்டு வருவேன்.